புது நண்டா, நமக்குப் புது நண்டா?

வைகாசி மாதத்தில் ஒரு காலை. திருகோணமலை உப்புவெளிக் கரையில் கரைவலை ஏறிக்கொண்டிருந்தது. மடியை அவிழ்த்துக் கொட்டினால் சூடை, நெத்தலி, இரண்டு மூன்று பாரைக் குஞ்சு, மிச்சம் முழுக்கப் பாசி. மீனைப் பொறுக்கி எடுத்த பிறகு அந்தப் பாசிக் குவியலை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, காகம் தவிர. வலை இழுத்துக் களைத்துப்போய்க் குந்தியிருந்த கிண்ணியா நானா ஒருவர்தான் என்னைக் கூப்பிட்டார்: "தம்பி, இங்க பாருங்க, பாசி நடக்குது."

உண்மையிலேயே நடந்தது. பெருவிரல் அளவு பாசித் துண்டு ஒன்று, கொஞ்சம் கடற்பஞ்சும் ஒட்டியிருந்தது, பக்கவாட்டில் நாலு எட்டு வைத்துவிட்டு அசையாமல் நின்றுகொண்டது. பிரட்டிப் பார்த்தால் அடியில் நண்டுக் கால்கள். கைத்தொலைபேசியில் ஏழெட்டுப் படம் எடுத்தேன். பிறகு அதைத் தண்ணீரில் விட்டுவிட்டு, நண்டுகளைப் படிக்கும் ஒருவருக்குப் படங்களை அனுப்பி, கொஞ்சம் பெருமையோடுதான் கேட்டேன்: புது இனமாக இருக்குமோ? பதில் அரை மணித்தியாலத்தில் வந்தது. "கம்போசியா ரெட்டூசா. 1829இல் பெயர் வைத்தாயிற்று. செங்கடலில் இருந்து பசிபிக் வரைக்கும் இருக்கிறது."

எனக்குப் புதிது. கடலுக்குப் புதிதில்லை, விலங்கியலுக்கும் புதிதில்லை. அன்றிலிருந்து ஒரு நண்டை "புதிய இனம்" என்று சொல்வதற்கு என்னென்ன நடக்க வேண்டும் என்று தேடிப் படித்தேன். விளங்கியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த "கண்டுபிடிப்பு" என்ற சொல். செய்திகளில் "புதிய நண்டினம் கண்டுபிடிப்பு" என்று போடுகிறார்கள். யாரோ ஒருவர் கடலுக்குள் பாய்ந்து, ஒருவரும் காணாத நண்டை முதன்முதலாகக் கண்டார் என்ற எண்ணம்தான் நமக்கு வருகிறது. பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த நண்டை மீனவர்கள் நூறு தடவை வலையிலிருந்து உதறியிருப்பார்கள். அது ஏதாவது ஒரு நூதனசாலையில் போத்தலுக்குள் பல வருசம் கிடந்திருக்கவும் கூடும். புதிது என்றால் பதிவேட்டுக்குப் புதிது, அவ்வளவுதான். எங்கள் பகுதியில் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்தவர்கள் வீட்டுக்கு வீடு இருப்பார்கள். ஆள் பிறந்து நாற்பது வருசம், கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கும், ஆனால் பதிவு இல்லை என்றால் கந்தோர்க் கணக்கில் அவர் இன்னும் பிறக்கவில்லை. நண்டுக்கும் அந்த நிலைமைதான். அதைப் பதிவு செய்யும் வேலைக்குத்தான் விலங்கியலில் இனத்தை "விவரித்தல்" என்று பெயர். காண்பதற்கு ஒரு நொடி போதும். விவரிக்க வருசக்கணக்காகும்.

உருமறைப்புச் செய்யும் சின்ன நண்டுகள் இந்தப் பதிவில் ஏன் இவ்வளவு பிந்துகின்றன என்றால், ஒளிந்திருப்பதுதான் அவற்றின் பிழைப்பே. ஒளிவதிலும் ஒரே வழி இல்லை. நானா காட்டிய நண்டு அலங்கார வகை. அதன் முதுகிலும் காலிலும் கொளுக்கி போல வளைந்த நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் சப்பாத்தில் வரும் வெல்குரோப் பட்டி மாதிரி. நண்டு இடுக்கியால் பாசியைக் கிள்ளி, வாயில் வைத்து நுனியைக் கடித்துப் பிசிறாக்கி, அந்தக் கொளுக்கிகளில் மாட்டிவிடுகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விசயம், ஓடு கழற்றும்போது அது செய்வது: பழைய ஓட்டில் மாட்டியிருந்ததைக் கழற்றிப் புது ஓட்டில் மாட்டிக்கொள்ளும். வீடு மாறும்போது திரைச்சீலையையும் கழற்றிக்கொண்டு போகும் ஆட்களைப் போல.

கடற்பஞ்சு நண்டுகளின் முறை வேறு. அவற்றின் கடைசி இரண்டு சோடிக் கால்கள் முதுகுப் பக்கம் மேலே திரும்பியிருக்கும், நடப்பதற்கு உதவாது. ஒரு கடற்பஞ்சுத் துண்டைத் தன் முதுகளவுக்கு வெட்டி, அந்தக் கால்களால் தொப்பி மாதிரிப் பிடித்துக்கொண்டு திரியும். மூன்றாவது வகைக்கு அலங்காரம் அவ்வளவு தேவையில்லை, உடம்பே வேசம். ஹுவேனியா என்ற சாதி (நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டத்துக்கு விலங்கியலில் சாதி என்று பெயர்) நண்டுகள் பாசியின் இலை போலவே தட்டையாக இருக்கும். மென்பவளத்தில் வாழும் ஹொப்லோஃபிரிஸ் என்ற நண்டு, பவளத்தின் இளஞ்சிவப்பு, வெள்ளை நிறத்தையும் அதன் முனைப்புகளையும் அப்படியே தன் ஓட்டில் வைத்திருக்கிறது. பழந்தமிழில் நண்டுக்கு அலவன், ஞெண்டு என்பவற்றோடு கள்வன் என்றும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் மணலில் ஓடும் நண்டுக்கு வந்ததாக இருக்கலாம். என்னைக் கேட்டால் இவைக்குத்தான் அது கூடப் பொருந்தும்.

சரி, உங்கள் கையில் அப்படி ஒன்று வந்தது, யாராலும் அடையாளம் சொல்ல முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வேலை, உயிரோடு இருக்கும்போதே படம் எடுப்பது. நண்டை அற்ககோலில் போட்டால் நிறம் வெளிறிப்போகும். நூதனசாலைகளில் இருக்கும் நண்டுகளில் பெரும்பாலானவை வைக்கோல் நிறத்தில் இருப்பதற்கு அதுதான் காரணம். எங்கே, எத்தனை மீற்றர் ஆழத்தில், எதன் மேல் இருந்தது, முருகைக்கல்லிலா கடற்புல்லிலா, முதுகில் என்ன மாட்டியிருந்தது, எல்லாவற்றையும் அன்றைக்கே எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் அது கதையாகிவிடும். உயிர் நண்டை நேராக அற்ககோலில் போடவும் கூடாது. அதிர்ச்சியில் கால்களைத் தானே கழற்றி விட்டுவிடும், பிறகு போத்தலுக்குள் உடம்பு ஒரு பக்கம், கால் எட்டுப் பக்கம். குளிரூட்டியில் வைத்து மெதுவாக அடங்கவிட்டுத்தான் போடுவார்கள். உருவத்தைப் பார்ப்பதற்கு 70 வீத அற்ககோல் போதும். டிஎன்ஏ எடுப்பதாக இருந்தால் 95 வீதம் வேண்டும்.

அப்புறம் உடுப்பைக் கழற்றும் வேலை. வேடிக்கை என்னவென்றால், இந்த நண்டில் நம் கண்ணைப் பறித்த அலங்காரம் அதன் அடையாளத்தில் சேராது. இன்றைக்குப் பாசி, நாளைக்குக் கடற்பஞ்சு, கிடைத்ததை மாட்டிக்கொள்ளும். ஆள் யாரென்று உடுப்பை வைத்துச் சொல்ல முடியாதே. நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்து, மெல்லிய இடுக்கியாலும் தூரிகையாலும் ஒவ்வொரு பிசிறாக எடுத்து, அடியில் இருக்கும் ஓட்டை வெளியே கொண்டுவர வேண்டும். நெற்றிக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முள் ஒன்றா இரண்டா, விரிந்து நிற்கிறதா ஒட்டி நிற்கிறதா, கண்ணுக்கு மேலே முள் உண்டா, முதுகோட்டில் எத்தனை மேடு, எந்த வரிசையில், காலின் ஒவ்வொரு கணுவும் எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லாத நண்டில் இதையெல்லாம் அளந்து மில்லிமீற்றர்க் கணக்கில் எழுதுகிறார்கள். கொளுக்கி மயிர்கள் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்பதையும் குறிப்பார்கள். மாட்டிய பாசி வரும் போகும், கொளுக்கி உடம்போடு பிறந்தது.

இவ்வளவு பார்த்தும் முடிவு வராவிட்டால் நண்டை மல்லாக்கப் போட வேண்டும். சந்தையில் நண்டு வாங்கத் தெரிந்த எல்லோருக்கும் வயிற்று மடலைப் பற்றித் தெரியும்: ஆணுக்கு ஒடுங்கிக் கோபுரம் மாதிரி, பெண்ணுக்கு அகன்று வட்டமாக. ஆணின் அந்த மடலை விரித்தால் அடியில் இரண்டு சோடிச் சின்னக் குச்சிகள் இருக்கும், இனப்பெருக்க உறுப்புகள். நண்டு ஆராய்ச்சியில் முதல் சோடிக் குச்சிதான் கைரேகை மாதிரி. முதுகைப் பார்த்தால் அச்சாக ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு இனங்களில்கூட, இந்தக் குச்சியின் நுனி ஒன்றில் வளைந்தும் மற்றதில் நேராகவும் இருக்கும். இதனால்தான் நண்டை விவரிப்பவர்கள் ஆண் நண்டு கிடைத்தால் அவ்வளவு சந்தோசப்படுகிறார்கள்.

ஆனாலும் ஒரே ஒரு நண்டை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது ஆபத்து. ஹுவேனியாவிலேயே ஆண் ஒடுங்கியும் பெண் அகன்று இலைமடல்களோடும் இருக்கும், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று நம்ப மாட்டீர்கள். குஞ்சு நண்டுக்கு முள் நீளமாக இருந்து, வளர வளரக் குறுகிப்போவதும் உண்டு. ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு வேறொரு பெயர் என்று வைத்துவிட்டுப் பிறகு அசடு வழிந்த கதைகள் விலங்கியலில் நிறைய. ஆகவே ஆண், பெண், முட்டை சுமந்த பெண், குஞ்சு என்று முடிந்தவரைக்கும் பல நண்டுகளைப் பார்க்க வேண்டும்.

இனித்தான் கஷ்டமான பகுதி. நண்டு வித்தியாசமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். எதிலிருந்து வித்தியாசம்? 2008இல் உலக நண்டுகளுக்கெல்லாம் எடுத்த பட்டியலிலேயே கிட்டத்தட்ட 6,800 இனங்கள் இருந்தன, அதற்குப் பிறகும் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. எல்லாவற்றோடும் ஒப்பிடத் தேவையில்லை, அதே சாதியில் இருப்பவற்றோடும் சொந்தக்காரச் சாதிகளோடும் ஒப்பிட்டால் போதும். ஆனால் அவற்றின் விவரிப்புகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, பல மொழிகளில், பல நூற்றாண்டுகளில். விலங்குப் பெயர்களின் கணக்கு 1758இல் சுவீடன் விஞ்ஞானி லின்னேயஸிடம் இருந்து தொடங்குகிறது. அவர் நண்டுகளையெல்லாம் 'கான்சர்' என்ற ஒரே சாதிக்குள் போட்டார். பிறகு பெர்லினில் ஹெர்ப்ஸ்ட் என்ற பாதிரியார், தரங்கம்பாடி மிசனரிமார் அனுப்பிய நண்டுகளையும் சேர்த்து, 1782 தொடங்கி இருபது வருசத்துக்கு மேல் படத்தோடு புத்தகம் போட்டார். வங்காள விரிகுடாவில் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் வைத்தியராக இருந்த அல்கொக், 1895இல் இந்தக் கடல்களின் நண்டுகளை வரிசைப்படுத்தத் தொடங்கியபோது முதலில் எடுத்ததே அலங்கார நண்டுகள் சேரும் கூட்டத்தைத்தான். 1902இல் முத்துச்சிப்பிகளை ஆராய இலங்கை வந்த ஹேர்ட்மன் சேர்த்த நண்டுகளை 1906இல் லோரி எழுதினார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இன்னொன்று. 1880களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முல்லர் என்பவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரை ஒன்றின் தலைப்பிலேயே எங்கள் ஊர் இருக்கிறது. திருகோணமலையின் நண்டு, இறால் வகைகளைப் பற்றித்தான் முழுக் கட்டுரையும். இப்போது கொட்டியாரக் குடாவில் ஒரு சின்ன நண்டை எடுத்து "புதிது" என்று சொல்ல நினைப்பவர் அந்தப் பழைய ஜெர்மன் கட்டுரையையும் தேடி வாசித்தே ஆக வேண்டும். வாசிக்காமல் பெயர் வைத்து, பிறகு அதே நண்டுக்கு முல்லரோ அல்கொக்கோ ஏற்கனவே பெயர் வைத்திருப்பது தெரியவந்தால், முதலில் வைத்த பெயர்தான் நிற்கும். பின்னால் வைத்தது ஒத்தபெயர் என்ற பட்டியலில் போய்ச் சேர்ந்துவிடும்.

டிஎன்ஏ இருக்கும்போது இந்தத் தலையிடி எல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். உதவும்தான். நண்டின் ஒரு குறிப்பிட்ட மரபணுவில் ஏறக்குறைய 650 எழுத்துகள் நீளமான துண்டை வாசித்து, கடையில் பொருளின் கோட்டுக் குறியைப் பார்ப்பது போல ஒப்பிடுகிறார்கள். ஒன்றுபோல இருந்து ஏமாற்றும் இனங்களைப் பிரித்துக் காட்டுவதில் இது கெட்டிக்காரன். ஆனால் அந்தச் சாதியின் மற்ற இனங்களுடைய குறியும் கையில் இருந்தால்தானே ஒப்பிடலாம்? 1800களின் பழைய போத்தல் நண்டுகளில் இருந்து டிஎன்ஏ எடுப்பது லேசில்லை. அதனால் திரும்பவும் முள்ளையும் குச்சியையும்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நல்ல உதாரணம் நாங்கள் கறி வைக்கும் நண்டுதான். சந்தையில் வாங்கும் அந்த நீல நிறக் கடல் நண்டை உலகம் முழுக்கப் பல காலமாகப் போர்ச்சுனஸ் பெலாஜிகஸ் என்ற ஒரே பெயரில்தான் சொன்னார்கள். 2010இல் லாய், எங், டேவி என்ற மூன்று பேர் உருவத்தையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்து, அது ஒன்றில்லை, நாலு இனம் என்று காட்டினார்கள். நம் பக்கத்து நண்டுக்குப் புதுப் பெயர் தேடவும் வேண்டியிருக்கவில்லை. ஹெர்ப்ஸ்ட் பாதிரியார் 1799இலேயே வைத்து, பிறகு பெலாஜிகஸுக்குள் புதைந்துபோன 'ரெட்டிகுலாட்டஸ்' என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்தார்கள். இருநூறு வருசமாகச் சட்டியில் கொதித்த நண்டுக்கே இந்த நிலை என்றால், பாசிக்குள் ஒளிந்திருக்கும் நகமளவு நண்டைப் பற்றி என்ன சொல்ல.

எல்லாம் பார்த்து, இது வேறுதான் என்று உறுதியான பிறகு பெயர். இதற்குச் சர்வதேச விதிக்கோவை இருக்கிறது, இப்போது நடைமுறையில் உள்ள 4ஆம் பதிப்பு 2000ஆம் ஆண்டு சனவரி 1இல் அமுலுக்கு வந்தது. பெயர் இரண்டு சொல், இலத்தீன் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாவது சாதிப் பெயர், இரண்டாவது இனப் பெயர். சொல் எந்த மொழியில் இருந்தும் வரலாம், தமிழில் இருந்தும்தான். ஊர்ப் பெயர் வைக்கலாம், சேர்த்துக் கொடுத்தவரின் பெயர் வைக்கலாம். தன் பெயரைத் தானே வைப்பதை விதி தடுக்கவில்லை, ஆனால் வைத்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். பெயருக்குப் பின்னால் வைத்தவர் பெயரும் ஆண்டும் வரும். சில இடங்களில் அது அடைப்புக்குறிக்குள் இருக்கும், எல்லோரும் இதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள், அப்படியில்லை. முதலில் வேறொரு சாதியில் வைத்த இனம் பிறகு இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். லின்னேயஸ் கான்சருக்குள் போட்ட நண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அடைப்புக்குறி உண்டு.

பெயரைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரை ஓர் உடம்பில் ஆணியடித்து மாட்ட வேண்டும். விவரிப்பவர் தன் கையில் உள்ள நண்டுகளில் ஒன்றே ஒன்றைத் தெரிவு செய்து, இதுதான் இந்தப் பெயருக்கு உரிய மாதிரி என்று அறிவிக்கிறார். ஹோலோடைப் என்பது அதுதான். மற்றவை பாராடைப், துணை மாதிரிகள். ஹோலோடைப்பை எந்த நூதனசாலையில், எந்த இலக்கத்தில் வைக்கிறோம் என்று கட்டுரையில் எழுத வேண்டும். நூறு வருசம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தால் எழுத்தைப் பார்த்து அடிபட வேண்டியதில்லை, போத்தலைத் திறந்து அந்த நண்டையே கேட்கலாம். ஹெர்ப்ஸ்டின் நண்டுகளைப் பார்க்க இன்றைக்கும் பெர்லினுக்குப் போகிறார்கள். கட்டுரை இணையத்தில் மட்டும் வெளிவருவதாக இருந்தால் 2012இல் இருந்து ஸூபேங்க் என்ற பதிவேட்டிலும் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது.

இதற்கெல்லாம் எவ்வளவு காலம் எடுக்கும்? 2012இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஓர் உயிரினம் சேகரிக்கப்பட்டு, பெயரோடு வெளிவருவதற்குச் சராசரியாக 21 வருசம். முதலில் நான் இதை அச்சுப்பிழை என்றுதான் நினைத்தேன். ஆட்கள் பற்றாக்குறைதான் முக்கிய காரணம், முள்ளை எண்ணும் வேலைக்குப் பணம் கொடுப்பவர்கள் குறைவு. ஆனாலும் நடக்கத்தான் செய்கிறது. மேற்கு அவுஸ்திரேலியாவில் ஹோசி, மக்லே என்ற இருவர் 2022இல் விவரித்த லாமார்க்ட்ரோமியா பீகிள் என்ற கடற்பஞ்சு நண்டு, கரையில் கிடந்ததைப் பொறுக்கியவர்கள் நூதனசாலைக்குக் கொடுத்ததில் இருந்து வெளிச்சத்துக்கு வந்தது. உடம்பு முழுக்க மென்மயிர், தலையில் கடற்பஞ்சுத் தொப்பி, பெயர் டார்வின் போன கப்பலுக்காக. நிறத்தைப் பார்த்தால் அதே பெயருள்ள நாய்க்கும் பொருந்துகிறது.

இங்கே கரையில் நிற்பவர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டால், பிடித்துப் போத்தலில் போடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். புறாத்தீவு தேசிய பூங்கா, அங்கிருந்து செத்த முருகைக்கல் துண்டைக்கூட எடுக்க முடியாது. மற்ற இடங்களிலும் ஆராய்ச்சிக்கென்று சேகரிக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், நாட்டுக்கு வெளியே அனுப்புவது இன்னும் பெரிய விசயம். படம் எடுக்க ஒருவரும் தடை சொல்ல மாட்டார்கள். அதையாவது ஒழுங்காக எடுங்கள். நான் அன்றைக்கு எடுத்த ஏழெட்டுப் படமும் மேலிருந்து எடுத்தவை, அழகான பாசிப் படங்கள், ஒன்றிலும் நண்டு இல்லை. கால் ஒன்று தெரிந்த ஒரே படத்தை வைத்துத்தான் அவர் பெயர் சொன்னார். பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள், அளவு தெரியும். முன்பக்கம் ஒன்று, மல்லாக்க வைத்து வயிற்று மடல் தெரிய ஒன்று. இடம், திகதி, ஆழம். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

நானாவுக்கு இந்தக் கதையெல்லாம் சொன்னேன். 1829 என்றதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப எங்கட வாப்பாட வாப்பா பிறக்கிறதுக்கு முதலே பேர் வெச்சிட்டானுகளா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. இப்போது மடி கொட்டும்போதெல்லாம் சந்தேகமான பாசியை வாளியில் கடல்தண்ணீரோடு எனக்கென்று ஒதுக்கி வைக்கிறார். போன கிழமை மூன்று வாளி. இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து ஒவ்வொரு கொத்தாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்றிலும் பாசிதான் இருந்தது, அல்லது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.